பள்ளிக்கு லீவு... பட்டறைக்கு?

வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகிவிட்டது என்று செய்தி வந்தால் போதும். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில் உள்ள கிளியனூர் முதல் கடலோர மரக்காணம் வரை எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான்: "கலெக்டர் லீவு விட்டாச்சா?" டி.வி.யின் அடியில் ஓடுகிற எழுத்துகளைப் பார்த்தபடியே பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை என்று வந்துவிட்டால் கொண்டாட்டம்தான்.

அதே வீட்டில் அப்பா மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, வண்டியை உதைத்து, சேதராப்பட்டு கம்பெனிக்கு ஷிப்டுக்குக் கிளம்புகிறார். அண்ணன் திருவக்கரைப் பக்கம் கல் குவாரிக்குப் போகிறான். அம்மா புதுச்சேரியில் ஜவுளிக்கடை வேலைக்கு பஸ் பிடிக்கிறாள்.

பிள்ளைக்கு ஆபத்தான மழை, பெற்றவர்களுக்கு ஆபத்தில்லாத மழையாகிவிடுமா? ஆகாது. ஆனாலும் புயல் எச்சரிக்கையின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. எச்சரிக்கை முதலில் கப்பலுக்கும் சரக்குக்கும் வந்தது. பிறகு வீட்டில் இருக்கும் மக்களுக்கு வந்தது. வேலை செய்யும் இடத்தில் நிற்கிற மனிதனுக்கு அது கடைசியாகத்தான் வந்திருக்கிறது. சில இடங்களில் இன்னும் வந்து சேரவில்லை.

எச்சரிக்கையே இல்லாத காலம்

1761 ஜனவரி 1. புதுச்சேரியை ஆங்கிலேயர்கள் முற்றுகையிட்டிருந்தார்கள். நிலத்தில் கூட்டின் படை, கடலில் அட்மிரல் ஸ்டீவன்ஸின் கப்பல்கள். கோட்டைக்குள் பிரெஞ்சுத் தளபதி லாலி பட்டினியோடு போராடிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் ஒரு பெரும் புயல் கரையைத் தாக்கியது. சண்டர்லாண்ட், டியூக் ஆஃப் அக்விட்டேன் போன்ற கப்பல்கள் மூழ்கின. நியூகாசில், குயின்பரோ முதலியவை கரையில் தூக்கி வீசப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள்.

முற்றுகை உடைந்துவிடும் என்று கோட்டைக்குள் நம்பிக்கை பிறந்தது. ஆனால் தப்பிய கப்பல்கள் சில நாட்களிலேயே திரும்பி வந்தன. அதே மாதத்தின் நடுவில் புதுச்சேரி சரணடைந்தது. நாட்குறிப்பால் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளை காலமானதும் அந்த ஜனவரியில்தான்.

இதைப் போர்க் கதையாகத்தான் எல்லோரும் படிக்கிறோம். கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். அந்த மாலுமிகளுக்குக் கப்பல்தான் வேலை செய்யும் இடம். வானம் கறுக்கிறது, கடல் பொங்குகிறது என்று தெரிந்தாலும் உத்தரவு வராமல் அவர்கள் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. காற்றைப் பார்ப்பவன் ஒருவன், முடிவெடுப்பவன் வேறொருவன். 260 வருடங்களுக்குப் பிறகும் இந்தச் சிக்கல் மாறவில்லை.

வியாபாரத்துக்காகப் பிறந்த அறிவிப்பு

'சைக்ளோன்' என்ற சொல்லைப் புயலுக்கு வைத்தவர் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன். 1848ல் மாலுமிகளுக்காக அவர் எழுதிய கையேட்டில் அது இடம்பெற்றது. காற்று பாம்புபோல் சுருண்டு சுழல்வதால் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை எடுத்தார்.

1864 அக்டோபர் 5ல் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் ஒன்றோடு ஒன்று மோதி நொறுங்கின. அடுத்த மாதமே மசூலிப்பட்டினத்தில் இன்னொரு புயல். அரசாங்கம் விழித்துக்கொண்டது. 1865ல் கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு தொடங்கியது. 1875ல் இந்திய வானிலைத் துறை பிறந்து, ஹென்றி பிளான்ஃபோர்டு அதன் முதல் தலைவரானார். 1898ல் எல்லாத் துறைமுகங்களுக்கும் ஒரே மாதிரியான எச்சரிக்கைக் குறி முறை வந்தது. "கடலூர் துறைமுகத்தில் 3ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்" என்று இன்றைக்கும் செய்தியில் கேட்கிறோமே, அது அந்த முறையின் தொடர்ச்சிதான். பகலில் கூம்பும் உருளையும், இரவில் விளக்குகளும். 10ம் எண் என்றால் பெரும் அபாயம். 11ம் எண் என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், கூண்டு ஏற்றப்பட்டது துறைமுகத்தில். அதைப் பார்த்துக் கப்பல் தலைவன் நங்கூரத்தை எடுப்பான், வணிகன் சரக்கை ஏற்றாமல் நிறுத்துவான். உப்பளத்தில் குனிந்து நிற்பவனுக்கும் வயலில் நாற்று நடுபவளுக்கும் அந்தக் கூண்டு தெரியாது.

தனுஷ்கோடி ரயில்

1964 டிசம்பர் 22ம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்பு பாம்பனிலிருந்து ஒரு பயணிகள் ரயில் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. கடலில் கடும் புயல். தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் வேலை செய்யவில்லை. சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, விசில் கொடுத்தபடி ஓட்டுநர் ரயிலை நகர்த்தினார் என்று சொல்கிறார்கள். எழுந்து வந்த கடல் ரயிலை விழுங்கியது. பயணிகளும் ஊழியர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. தனுஷ்கோடி என்ற ஊரே அன்றோடு அழிந்தது.

அந்த ஓட்டுநரைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவர் கையில் என்ன இருந்தது? வயர்லெஸ் இல்லை, கைபேசி இல்லை. "இவ்வளவு காற்று அடித்தால் ரயிலை நிறுத்தலாம், யாரையும் கேட்க வேண்டாம்" என்று சொல்கிற கருவியும் இல்லை. சிக்னல் அணைந்ததே ஒரு எச்சரிக்கைதான். ஆனால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளும்படி யாரும் அவரைத் தயார் செய்திருக்கவில்லை.

சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சீர் செய்த பொறியாளர் ஈ. ஸ்ரீதரனை நாடே பாராட்டியது. அதைவிடக் குறைவாகப் பேசப்பட்ட இன்னொரு மாற்றம் பிற்காலத்தில் வந்தது. பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி பொருத்தப்பட்டது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும். ரயில் நிற்கும். மேலதிகாரியின் மனநிலை, ஓட்டுநரின் தைரியம், நேர அட்டவணை எதுவும் அதில் குறுக்கிட முடியாது. எண்ணைத் தாண்டினால் வேலை நிற்கும், அவ்வளவுதான். பணியிடப் பாதுகாப்பின் முழுத் தத்துவமும் இந்த ஒரு கருவியில் அடங்கியிருக்கிறது.

தானேயும் ஃபெஞ்சலும்

2004 சுனாமிக்குப் பிறகு 2005ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு திட்டம் இருக்க வேண்டும் என்றானது. 2002லேயே சென்னையில் டாப்ளர் ராடார் அமைந்துவிட்டது. வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்கு 2004 முதல் பெயர்களும் வந்தன. ஆக, எச்சரிக்கை ஒருவழியாகக் கடற்கரைக் குப்பம் வரைக்கும் வந்துவிட்டது.

2011 டிசம்பர் 30ம் தேதி காலை 6.30 மணிக்கு மேல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. பல ஆலைகளில் இரவு ஷிப்டு முடிந்து காலை ஷிப்டு தொடங்கும் வேளை அது! வெளியே போவதா, உள்ளே இருப்பதா? இந்தக் கேள்விக்கான பதிலை முந்தின நாளே எழுதி வைத்திருக்க வேண்டும். புயல் அடிக்கும்போது கேட்டால் பதில் கிடைக்காது.

2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் வேறு வகை. அது புயலாகவே மாறாமல் வலுவிழக்கலாம் என்ற கணிப்பு ஒரு கட்டத்தில் வந்தது. பிறகு 29ம் தேதி புயலாக மாறி, 30ம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. காற்று தானேயைவிடக் குறைவுதான். ஆனால் கரையைக் கடந்தபின் நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்று கொட்டியது. 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர். புதுச்சேரியில் 50 சென்டிமீட்டரை ஒட்டிய மழை. புதுச்சேரியில் ராணுவம் வந்து மக்களை மீட்க வேண்டியிருந்தது. டிசம்பர் 2ம் தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி நீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை ஊர்களுக்குள் புகுந்தது. விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நின்றன.

காற்று நின்றபின், "ஆபத்து போய்விட்டது, திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடு" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தத் திங்கட்கிழமைதான் டிசம்பர் 2!

ஃபெஞ்சலின்போது ஒரு நல்ல காரியமும் நடந்தது. ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லும்படி அரசு அறிவுறுத்தியது. சென்னை விமான நிலையமும் அன்று மதியத்திலிருந்து மூடப்பட்டது. ஆனால் வீட்டிலிருந்து லேப்டாப்பில் வேலை செய்யலாம். வீட்டிலிருந்து கல் உடைக்க முடியுமா? நெல் அவிக்க முடியுமா?

அதற்கு முந்தைய வருடம், 2023 டிசம்பர் 4ம் தேதி மிக்ஜாம் புயலின்போது சென்னை வேளச்சேரியில், கட்டடம் கட்டத் தோண்டியிருந்த பெரும் பள்ளத்தில் மண் சரிந்து இருவர் சிக்கினார்கள். பல நாள் கழித்து உடல்களாகத்தான் மீட்கப்பட்டார்கள். இருவரும் அங்கே வேலை நிமித்தம் இருந்தவர்கள். சென்னைக்கு அன்றைக்குப் பொது விடுமுறை.

நிமிடங்களே கிடைக்கும் காற்று

புயலாவது இரண்டு மூன்று நாள் அவகாசம் தருகிறது. டொர்னேடோ எனப்படும் சூறாவளிச் சுழல் சில நிமிடங்கள்தான் தரும். மேகத்திலிருந்து தும்பிக்கை போல இறங்கி, ஒரு தெருவை அழித்துவிட்டுப் பக்கத்துத் தெருவைத் தொடாமல் போய்விடும். தமிழ்நாட்டுக்கு அது பெரும்பாலும் அந்நியம். ஆனால் இந்தியாவுக்கே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1978 மார்ச் 17ல் வடக்கு டெல்லியில் ஒன்று வந்து 28 பேரைக் கொன்றது. 2024 மார்ச் 31ல் மேற்கு வங்கத்தின் ஜல்பைகுரியில் இன்னொன்று. 1989ல் வங்கதேசத்தில் வந்தது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பலி கொண்டது.

அமெரிக்காவில் இது வருடா வருடம் நடப்பது. அங்கே நடந்த இரண்டு ஆலைக் கதைகளை ஒப்பிட்டாலே போதும், பாடம் விளங்கிவிடும்.

முதல் கதை: 2004 ஜூலை 13, இல்லினாய் மாநிலத்தின் ரோனோக் ஊர். பார்சன்ஸ் என்பவரின் உலோக ஆலையில் ஏறக்குறைய 140 பேர் வேலையில் இருந்தார்கள். கடுமையான டொர்னேடோ வந்து ஆலையைத் தரைமட்டமாக்கியது. ஒருவர்கூடச் சாகவில்லை! எப்படி? ஆலையைக் கட்டும்போதே கழிவறைகளைக் கெட்டியான கான்கிரீட் பாதுகாப்பு அறைகளாகக் கட்டியிருந்தார் முதலாளி. வானத்தைக் கவனிக்க ஆள் இருந்தது. தொழிலாளர்களுக்கு ஒத்திகையும் நடந்துகொண்டிருந்தது. சத்தம் கேட்டதும் சில நிமிடங்களில் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள்.

இரண்டாவது கதை: 2021 டிசம்பர் 10, கென்டக்கி மாநிலத்தின் மேஃபீல்டு. மெழுகுவத்தி ஆலையில் இரவு ஷிப்டில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். கிறிஸ்துமஸ் சீசன். எச்சரிக்கை பல மணி நேரம் முன்பே வந்திருந்தது. டொர்னேடோ ஆலையை நொறுக்கியதில் 9 பேர் இறந்தார்கள். வீட்டுக்குப் போனால் வேலை போய்விடும் என்று மேற்பார்வையாளர்கள் மிரட்டியதாகச் சில தொழிலாளர்கள் சொன்னார்கள். நிர்வாகம் அதை மறுத்தது. அதே இரவில் இல்லினாயில் அமேசான் கிடங்கு ஒன்று இடிந்து 6 பேர் இறந்தார்கள்.

இரண்டு ஆலைகளும் ஒரே நாட்டில்தான். முதலாவதில் என்ன செய்வது என்ற முடிவு வருடங்களுக்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தது. செலவு கான்கிரீட்டும் கொஞ்சம் ஒத்திகை நேரமும்தான்.

சட்டம் எவ்வளவு தூரம் வருகிறது?

1984 போபால் விஷவாயுவுக்குப் பிறகு, 1987ல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான ஆலைகள் அவசரகாலத் திட்டம் வைத்திருக்க வேண்டும், அதைத் தொழிலாளர்களுக்குச் சொல்லவும் வேண்டும் என்றானது. 2025 நவம்பர் 21ல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இன்னொரு படி மேலே போகிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சுகிற ஊழியர் அதை முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் சொல்லும் உரிமை பொதுவாகவே தரப்பட்டிருக்கிறது. முதலாளி உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும்.

ஆனால் இந்தச் சட்டம் பெரும்பாலும் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான். கிளியனூர் போன்ற ஊர்களின் சாலையோரத்தில் என்ன இருக்கிறது? ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறை, நான்கு பேர் இருக்கும் மரவாடி, தகரக் கூரை போட்ட டீக்கடை. புயல் முதலில் பிய்ப்பது இந்தத் தகரக் கூரையைத்தான். சட்டம் கடைசியாக எட்டிப் பார்ப்பதும் இங்கேதான்.

முதலாளிக்கும் இதில் லாபக் கணக்கு உண்டு. 2021 ஏப்ரல் முதல் 5 கோடி ரூபாய் வரை சொத்துள்ள சிறு தொழில்களுக்கென்று 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற காப்பீடு இருக்கிறது. தீ மட்டுமல்ல, புயல், வெள்ளம் இவற்றின் சேதத்துக்கும் அது பொருந்தும். எந்திரத்துக்கும் சரக்குக்கும் காப்பீடு எடுத்து இழப்பை ஈடுகட்டலாம். ஒரு ஆளை இழந்தால் எந்த பாலிசியும் அவரைத் திருப்பித் தராது. கணக்குப் புத்தகத்தில் அந்த இழப்புக்குப் பத்தியே கிடையாது.

ஒரே ஒரு தாள் போதும்

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். மழைக்காலம் தொடங்கும் முன், ஒரு தாளில் கீழே உள்ளவற்றை எழுதிச் சுவரில் ஒட்டினால் போதும்.

1. வேலையை நிறுத்தும் எண் எது? பாம்பன் பாலத்துக்கு 58 கிலோமீட்டர். பட்டறைக்கு மாவட்டத்தின் 'ரெட் அலர்ட்' என்று வைத்துக்கொள்ளலாம். வந்தால் மூடுவது, பேச்சு கிடையாது.

2. யார் சொல்வார்? முதலாளி ஊரில் இல்லாவிட்டால் அடுத்தவர் யார்? இரண்டு பெயர்கள்.

3. வீட்டுக்கு அனுப்புவதானால் காற்று எழுவதற்கு முன்பே, பஸ் ஓடும்போதே அனுப்ப வேண்டும். நேரம் தாண்டிவிட்டால் சாலையில் விடுவதைவிட உறுதியான கட்டடத்தில் தங்க வைப்பது மேல். அருகில் உள்ள கான்கிரீட் கட்டடம் எது என்று முன்பே பார்த்து வைக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரை, நீளமான ஷெட் ஆகாது. கண்ணாடி ஜன்னலை விட்டு விலகி, உள்ளடங்கிய சிறிய அறையில் இருப்பது நல்லது.

4. மெயின் சுவிட்சை அணைப்பது யார் பொறுப்பு? ஜெனரேட்டர் தரையில் இருந்தால் மேடைக்கு ஏற்ற வேண்டும்.

5. ஆள் கணக்கு. உள்ளே எத்தனை பேர், வெளியே போனவர் எத்தனை பேர் என்று ஒருவர் எழுதிக்கொள்ள வேண்டும். வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் அவர்களுக்குப் புரியும் மொழியில் அறிவிப்பைச் சொல்ல வேண்டும்.

6. நடுவில் காற்று திடீரென்று நின்றால் வெளியே வரக் கூடாது. அது புயலின் கண்ணாக இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அடிக்கும்.

7. கணக்குகள், பில் புத்தகம், காப்பீட்டுத் தாள் ஆகியவற்றின் நகல் வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

8. அவசர எண்கள்: மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

9. மழை நின்ற பிறகும் அணை, ஆறு, ஏரி நிலவரம் பார்த்துத்தான் மறுபடி திறக்க வேண்டும்.

பத்தாவதாக ஒன்றைச் சேர்க்காவிட்டால் மேலே உள்ள ஒன்பதும் பயன்படாது. புயல் நாளின் கூலி. தினக்கூலிக்காரர் வேலைக்குப் போகாவிட்டால் அன்று அடுப்பு எரியாது. அதனால்தான் ரெட் அலர்ட்டிலும் அவர் குவாரிக்கும் உப்பளத்துக்கும் கிளம்புகிறார். எச்சரிக்கை அவர் காதில் விழாமல் இல்லை, விழுந்தும் அதற்குக் கட்டுப்பட அவருக்கு வசதியில்லை. வருடத்தில் இரண்டு மூன்று நாள் கூலியை, பாதியாவது, தொழிலின் செலவாக முன்கூட்டியே ஒதுக்கி வைத்தால் அவர் வீட்டில் இருப்பார்.

1865ல் கப்பலைக் காப்பாற்றப் பிறந்த எச்சரிக்கை நூற்றைம்பது வருடங்களுக்கு மேல் பயணம் செய்து செயற்கைக்கோள், ராடார், கைபேசி என்று வளர்ந்திருக்கிறது. இன்னும் மிச்சமிருப்பது கொஞ்ச தூரம்தான். முதலாளியின் மேஜையிலிருந்து எந்திரத்தின் முன் நிற்பவர் வரை. அடுத்த மழைக்காலத்தில் "கலெக்டர் லீவு விட்டாச்சா?" என்று பிள்ளை கேட்கும்போது, "உங்க கம்பெனியில என்ன சொன்னாங்க?" என்று அப்பாவிடமும் கேட்கட்டும்.